பெருமழைக்குப் பின் ட்ரௌட்: வசந்தத்தின் கடைசி வாரங்களில் கேட்ஸ்கில் ஆறுகளில் ஃப்ளை தூண்டில்

மே மாதம் பாதி கழிந்ததிலிருந்து ஜூன் பாதி வரைக்கும், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலை ஆறுகளில் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனுக்கு ஃப்ளை தூண்டில் (இறகும் நூலும் கொண்டு பூச்சியைப்போல் கட்டிய முள்) போடுகிறவர்களுக்கு அறுவடைக் காலம். மார்ச் பிரவுன், சல்ஃபர், கிரீன் டிரேக், ஐசோனிக்கியா என்று, ட்ரௌட் விரும்பித் தின்னும் மேஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சியின் வகைகள் ஒன்று ஓய்வதற்குள் இன்னொன்று கிளம்பும். தண்ணீரில் குளிர்ச்சி இன்னும் குறைந்திருக்காது. இடிமழை கொட்டுவதும் இதே வாரங்களில்தான். நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் ராஸ்கோவில் பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தால், பீவர்கில் ஆறு பால் டீ நிறத்தில் ஓடும். சிலர் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். சிலர் வழக்கமாக நிற்கும் இடத்தில் வழக்கமான ஃப்ளையைக் கட்டிக்கொண்டு மாலைவரை வெறுங்கையோடு நிற்பார்கள். இரண்டும் தேவையில்லை.

மழை எவ்வளவு பெய்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் அப்புறம். ஆறு ஏறுகிறதா, வடிகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் எங்கே போவது, எதைக் கட்டுவது, எவ்வளவு தூரம் வீசுவது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். ஏறுகிற தண்ணீரில் சருகும் குச்சியும் புல்லும் சேர்ந்து வரும். மீனும் ஒதுங்க இடம் தேடி அலைந்துகொண்டிருக்கும். வடியத் தொடங்கியதும் கரையோரம் ஒரு இடத்தில் நிலைகொண்டு மேய ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தண்ணீர் ஏறத் தொடங்கும் முதல் அரை மணி, ஒரு மணி நேரம், குப்பை வருவதற்கு முன்னால், மீன் வெறிபிடித்ததுபோல் சாப்பிடும். அந்த நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே கரையில் இருந்தால் அதிர்ஷ்டம். அதை நம்பி வீட்டிலிருந்து கிளம்ப முடியாது.

படி 1: கிளம்புமுன் கனஅடி பாருங்கள்

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையான யு.எஸ்.ஜி.எஸ்., இந்த ஆறுகளில் எல்லாம் அளவுமானி வைத்திருக்கிறது. பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவுகள் இணையத்தில் வரைபடமாக வரும். கணக்கு விநாடிக்கு இத்தனை கனஅடி. மேட்டூர் அணைச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அலகைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பீவர்கில்லுக்குக் குக்ஸ் ஃபால்ஸ் மானியைப் பாருங்கள். 300 முதல் 600 கனஅடி வரை இறங்கி நடமாட வசதியான தண்ணீர். 1,000ஐ நெருங்கினால் கரையோரம் மட்டும். அதற்கு மேல் போய்விட்டால் அந்த ஆற்றை அன்றைக்கு மறந்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ஆனால் எண்ணைவிட கோட்டின் சாய்வுதான் பேசும். கோடு செங்குத்தாக ஏறி, உச்சியில் திரும்பி, பிறகு மெதுவாகச் சரியும். 900 கனஅடியில் சரிந்துகொண்டிருக்கும் ஆறு, 500 கனஅடியில் ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றைவிட எவ்வளவோ மேல்.

இதில் பலரும் செய்யும் தப்பு, இரவு பார்த்த எண்ணை நம்பிக் காலையில் கிளம்புவது. மலையில் இரவு 11 மணிக்குப் பெய்த மழை, கீழே உள்ள மானிக்கு விடியற்காலையில்தான் வந்து சேரும். கிளம்பும்போது ஒருமுறை, வழியில் காபிக்கு நிறுத்தும்போது ஒருமுறை பாருங்கள்.

படி 2: ஆற்றைத் தேர்ந்தெடுங்கள்

ஃப்ளைப் பெட்டியைக் குடைவதில் செலவிடும் நேரத்தில் பாதியை வரைபடத்தில் செலவிட்டால் போதும். எல்லா ஆறும் ஒரே நேரத்தில் கலங்குவதில்லை, ஒரே நேரத்தில் தெளிவதுமில்லை.

பொதுக்கணக்கு எளிது: சிறிய ஓடை வேகமாக ஏறும், வேகமாக வடியும். காடு சூழ்ந்த மேல் ஓடைகள் மழை நின்ற மறுநாளே மீன் பிடிக்கத் தோதாகிவிடும். ராஸ்கோவை ஒட்டிய பீவர்கில்லுக்கு இரண்டு நாள் ஆகலாம். பீவர்கில் போய்ச் சேரும் கிழக்குக் கிளை டெலவேருக்கும், ஹான்காக்குக்குக் கீழே உள்ள பெரிய டெலவேருக்கும் இன்னும் கூடுதல் நாள் வேண்டும்.

ஒரே ஆற்றிலும் இடம் பார்த்து நிற்கலாம். வில்லோவீமாக் ஆறு லிவிங்ஸ்டன் மேனர் ஊருக்குக் கீழே கலங்கியிருந்தால் உடனே கைவிடாதீர்கள். அந்த ஊரில் வந்து சேரும் லிட்டில் பீவர்கில் ஓடை சேறு சுமந்து வருவதாக இருக்கும். சங்கமத்துக்கு மேலே போய்ப் பார்த்தால் பல நேரம் தண்ணீர் ஒரு படி தெளிவாக இருக்கும்.

அணைக்குக் கீழே உள்ள தண்ணீர்தான் பெருமழைக் காலத்துக் காப்பீடு. மேற்குக் கிளை டெலவேரில் கேனன்ஸ்வில் அணை, கிழக்குக் கிளையில் பெபாக்டன் அணை. இரண்டும் நியூயார்க் நகரத்தின் குடிநீர்த் தேக்கங்கள். மேலே வந்த சேறு தேக்கத்தில் படிந்துவிடுவதால் கீழே வெளிவருவது ஓரளவு தெளிந்த, அடிமட்டத்துக் குளிர்நீர். கேனன்ஸ்வில்லுக்குக் கீழே ஸ்டைல்ஸ்வில் பகுதியில் தெளிவாக ஓடும் ஆறு, டெபாசிட் ஊரில் ஒக்வேகா ஓடை வந்து விழுந்த பிறகு பழுப்பாகிவிடும். அப்படிப்பட்ட நாளில் ஒக்வேகா வாய்க்கு மேலே நில்லுங்கள். கூட்டம் இருக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தக் காப்பீட்டிலும் ஓட்டை உண்டு. வசந்தத்தில் தேக்கம் நிறைந்திருந்தால் மழைத் தண்ணீர் அணையின் வழிந்தோடி மேலாக விழும். அது மேல்மட்டத்துத் தண்ணீர், வெதுவெதுப்பானது, அளவும் மனிதர் கட்டுப்பாட்டில் இல்லை. ‘அணை நிரம்பி வழிகிறது’ என்று தெரிந்தால் வெப்பமானியோடு போங்கள்.

எசோபஸ் ஓடைக்குத் தனிக் குணம். அதன் துணை ஓடைகள், முக்கியமாக ஃபினீஷியாவில் வந்து சேரும் ஸ்டோனி க்ளோவ், பனியுகக் காலத்து ஏரிகள் விட்டுப்போன களிமண்ணை அறுத்துக்கொண்டு வரும். களிமண் துகள் மிக நுண்ணியது, எளிதில் படியாது. தண்ணீர் வடிந்த பிறகும் நிறம் நாள்கணக்கில் நிற்கும். அலேபனில் ஸ்கோஹாரி தேக்கத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும் சுரங்கவாய் ஒன்று இருக்கிறது, அதுவும் கலங்கிய நாளில் கலங்கலைத்தான் கொட்டும். மழைக்குப் பிறகு எசோபஸ் போவதென்றால் அந்த வாய்க்கு மேலே போங்கள்.

படி 3: கரையில் நின்று மூன்று அளவுகள்

முதலாவது தெளிவு. பாதுகாப்பான கரையோரத்தில் மெதுவாக இறங்கி, பூட்ஸ் நுனி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள். கணுக்கால் ஆழத்திலேயே, அதாவது 15 செ.மீ.க்குள் மறைந்தால் வேறு ஆறு தேடுங்கள். முழங்கால் அருகே மறைந்தால் கனமான நிம்ஃப்புக்கும் (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப்போல் கட்டிய ஃப்ளை) ஸ்ட்ரீமருக்கும் (சிறு மீனைப்போல் இழுக்கும் பெரிய ஃப்ளை) அருமையான தண்ணீர். வருடத்தின் பெரிய பிரவுன் ட்ரௌட் பகல் வெளிச்சத்தில் மாட்டுவது இந்தத் தண்ணீரில்தான். தொடை ஆழத்திலும் நுனி தெரிந்தால் மேற்பரப்பு ஃப்ளையையும் யோசிக்கலாம்.

நிறத்துக்கும் பொருள் உண்டு. பால் டீ நிறம் என்றால் மண். வரட்டு டீ நிறத்தில், ஆனால் ஊடுருவிப் பார்க்க முடிந்தால், அது காட்டுச் சருகும் சதுப்பும் இறங்கிய சாறு. மீனுக்கு அது இடைஞ்சலே இல்லை, உங்களுக்குத்தான் பயம். பழுப்பு போய் இலேசான பச்சை தட்டத் தொடங்கினால் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, வெப்பம். 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை ட்ரௌட் நன்றாக மேயும். குளிர்மழை ஒரே இரவில் பல டிகிரி இறக்கிவிடும். காலையில் 9 டிகிரி என்றால் மதியம் வரை காத்திருந்து போவதே புத்திசாலித்தனம். ஜூனில் சூடான தார்ச்சாலை வழியாக வடிந்து வரும் மழைநீர் எதிர்த்திசையிலும் வேலை காட்டும். 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது கடினம்.

மூன்றாவது, ஆறு ஏறுகிறதா வடிகிறதா என்பதைக் கண்ணால் உறுதிசெய்வது. நீர்மட்டத்தில் ஒரு குச்சியைக் கரையில் குத்திவையுங்கள். 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். கல்லின் மேல் ஈரப்பட்டை தண்ணீருக்கு மேலே தெரிந்தால் வடிகிறது. குச்சி நனைந்து உள்ளே போயிருந்தால் ஏறுகிறது. ஏறினால் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். தீவுத்திட்டில் நின்றிருந்தால் உடனே திரும்புங்கள்.

படி 4: இறங்கலாமா?

ஆறுகளை அளக்கும் களப்பணியாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஆழத்தை அடியிலும், வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கினால் 10 வந்தால் இறங்கக்கூடாது. 3 அடி ஆழம், விநாடிக்கு 3 அடி வேகம் என்றால் 9. அது பயிற்சி பெற்றவர்களுக்கே எல்லை. கையில் கோலும் மனசில் மீனும் வைத்திருப்பவர்கள் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வேகம் அளக்க, ஒரு குச்சியைப் போட்டு 10 அடி கடக்க எத்தனை விநாடி என்று எண்ணினால் போதும்.

இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். ஊன்றுகோல் கட்டாயம். அடி தெரியாத தண்ணீரில் முழங்காலுக்கு மேல் போகாதீர்கள், ஆற்றைக் குறுக்காகக் கடக்கவே கடக்காதீர்கள். வழுக்கி விழுந்து அடித்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டிக்கொண்டு மிதந்து கரைக்கு ஒதுங்குங்கள்; வேகமான தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கல்லிடுக்கில் சிக்கும். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போங்கள். கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கணக்கு.

உண்மையில் இந்தத் தண்ணீரில் இறங்க வேண்டிய தேவையும் அதிகமில்லை. மீன் இருப்பது உங்கள் காலடியில்.

படி 5: மீன் எங்கே ஒதுங்கும்?

நடு ஆற்றில் வேகம் கூடியதும் ட்ரௌட் அங்கே நின்று சக்தியை வீணாக்காது. வேகம் குறைந்த தண்ணீரைத் தேடிக் கரைக்கு வரும். நேற்றுவரை புல்தரையாக இருந்த இடத்தில் இன்று 40 செ.மீ. தண்ணீர் நிற்கும், மண்ணிலிருந்து புழு வெளிவரும், அந்தப் புல் விளிம்பில் 18 அங்குல மீன் நிற்கும். நம்பாமல் அந்தத் தண்ணீருக்குள்ளேயே மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் வீச்சைத் தண்ணீருக்கு ஒரு மீட்டர் பின்னால், கரையில் நின்றே போடுங்கள்.

ஆற்று வளைவின் உட்பக்கம், பெரிய பாறையின் பின்புறமும் அதற்கு முன்னால் உள்ள சிறு மெத்தைத் தண்ணீரும், தீவுத்திட்டின் வால், பாலத் தூணுக்குப் பின்னால் சுழலும் எதிர்ச்சுழி, கசத்தின் ஓரங்கள்: இவை எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, தெளிந்த ஓடை ஒன்று கலங்கிய ஆற்றில் வந்து விழும் இடம். இரண்டு நிறமும் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்து ஓரத்தில் ஃப்ளையை ஓட விடுங்கள். கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்பதை நாம் நல்ல அர்த்தத்தில் சொல்வதில்லை. இங்கே அது நேர்மையான தொழில்.

கலங்கலில் மீன் குருடாகிவிடுவதில்லை. பக்கவாட்டுக் கோட்டு உணர்வால் தண்ணீர் அதிர்வைப் பிடித்துவிடும். ஆனால் இரை தேடி வரும் தூரம் சுருங்கிவிடும்: தெளிந்த தண்ணீரில் ஒரு மீட்டர் நகர்ந்து வரும் மீன், இங்கே ஒரு சாண்தான் நகரும். அதனால் ஒரே இடத்தில் 10, 15 முறை ஓடவிட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த ஓட்டம் போட வேண்டும்.

படி 6: கனமான நிம்ஃப் கட்டு

9 அடி, 5 எண் கோல் போதும். ஏழரை அடி 2 எக்ஸ் லீடரின் (முதன்மை நரம்பின் நுனியில் கட்டும் மெலிந்துவரும் நரம்பு) முனையில் 45 செ.மீ. 3 எக்ஸ் டிப்பெட்டை (ஃப்ளையைக் கட்டும் கடைசித் துண்டு) கட்டுங்கள். எக்ஸ் எண் கூடக் கூட நரம்பு மெல்லியது. அதன் முனையில் ஸ்டோன்ஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சியின் நிம்ஃப், முள் எண் 8 (எண் கூடினால் முள் சிறியது), ரப்பர் கால் வைத்தது, 3.5 அல்லது 4 மி.மீ. டங்ஸ்டன் மணியோடு. அந்த முள்ளின் வளைவிலிருந்து 40 செ.மீ. 4 எக்ஸ், அதன் முனையில் செந்நிற அல்லது ஒயின் நிறப் புழு ஃப்ளை, முள் எண் 10. புழு ஃப்ளையைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆற்றங்கரையே கரைந்து புழு மிதந்துவரும் நாளில் அதைவிட இயற்கையான இரை வேறென்ன?

மேல் ஃப்ளைக்கு 20 செ.மீ. மேலே, டிப்பெட்டை இணைத்த முடிச்சுக்குக் கீழே பிபி என்ற அளவில் ஒரு பிளவுக் குண்டு (நரம்பில் கவ்வும் எடை). முடிச்சில் முட்டவிடாதீர்கள், குண்டு நழுவி உரசினால் நரம்பு அங்கேதான் நைந்துபோகும். தகரம் அல்லது டங்ஸ்டன் குண்டு வாங்குங்கள். அரை அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈயக் குண்டுகளை விற்க நியூயார்க்கில் தடை இருக்கிறது. தக்கையைத் தண்ணீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் வையுங்கள்.

இப்போது தக்கையையும் பக்கத்தில் மிதந்து வரும் நுரைக்குமிழியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஃப்ளை அடிக்குப் போகவில்லை. அடிமட்டத் தண்ணீர் மேற்பரப்பைவிட மெதுவாக ஓடும். ஃப்ளை சரியான ஆழத்தில் இருந்தால் தக்கை குமிழியைவிடப் பின்தங்கும், நாலு ஓட்டத்துக்கு ஒருமுறை கல்லில் தட்டும். தட்டவே இல்லையென்றால் குண்டு ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டமும் சிக்கினால் ஒன்று குறையுங்கள். மீன் கடிக்கவில்லை என்று ஃப்ளையை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றுங்கள். பத்துக்கு எட்டு முறை குற்றம் எடையில்தான்.

மெல்லிய டிப்பெட் இங்கே தேவையில்லை; கலங்கலில் மீன் நரம்பைப் பார்க்காது, பெரிய தண்ணீரில் மெல்லிய நரம்பு அறுந்துதான் போகும். நீண்ட வீச்சும் தேவையில்லை. 5, 6 மீட்டருக்கு மேல் போட்டால் நடுவில் உள்ள வேகத் தண்ணீர் நரம்பை இழுத்துப் ஃப்ளையைத் தூக்கிவிடும். மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சின்ன இலைத்துணுக்கு ஒட்டியிருந்தாலும் மீன் தொடாது.

ஐசோனிக்கியா வாரம் என்றால் புழுவுக்குப் பதில் முள் எண் 12இல் கருஞ்சிவப்புப் பழுப்பு நிம்ஃப்பைக் கட்டுங்கள். இந்தப் பூச்சி நீந்திக் கரைக்கு வந்து கல்லேறித் தோலுரிக்கும் வகை. கரைக்கல்லில் உரித்த சட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டத்தின் முடிவில் கோலைத் தூக்காமல் நரம்பை இறுகவிட்டு, நிம்ஃப்பைக் கரை நோக்கி வளைந்து வரவிட்டு இரண்டு முறை சுண்டுங்கள். கடி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

படி 7: ஸ்ட்ரீமர்

6 எண் கோல், 4 அல்லது 5 அடி நீளத்தில் 1 எக்ஸ் நரம்பு, முனையில் ஊலி பக்கர் என்ற ஸ்ட்ரீமர், கறுப்பு நிறம், எண் 4 முதல் 8. கலங்கலில் கறுப்பே ராஜா. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு நிழலுருவம் தெளிவாகத் தெரியும். மான் முடித் தலை வைத்தது தண்ணீரைத் தள்ளி அதிர்வு தரும் என்பதால் இன்னும் நல்லது. தண்ணீர் தெளியத் தெளிய ஆலிவ், பழுப்பு, வெள்ளை என்று மாறுங்கள்.

எதிர்க்கரையை எட்டிப்பிடிக்க ஆசைப்படாமல், உங்கள் பக்கத்துக் கரையை ஒட்டிக் கீழ்நோக்கி வீசுங்கள். பத்து செ.மீ. இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு. வேகமாக இழுத்தால் மீன் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஃப்ளை போய்விடும். ஓட்டத்தின் கடைசியில் பத்து விநாடி அப்படியே தொங்கவிடுங்கள். கடித்ததும் கோலைத் தூக்காதீர்கள். நரம்பை இடதுகையால் நீளமாக இழுத்து முள்ளைப் பதியுங்கள். கோலைத் தூக்கினால் ஃப்ளை வாயிலிருந்து உருவிக்கொள்ளும்.

மாட்டிய மீன் நடு ஆற்றுக்குப் போனால் வேகத் தண்ணீர் அதன் பக்கம். கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் கரைப்பக்கம் இழுத்து, நீங்கள் கீழ்நோக்கி நடந்து மெதுவான தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். வலையைத் தலைக்கு நேராக, தண்ணீருக்குள்ளேயே பிடியுங்கள்.

படி 8: தெளியும் நாள்

மட்டம் இன்னும் உயர்ந்திருந்தாலும் பூச்சி தன் நேரத்துக்குக் கிளம்பிவிடும். மேகமூட்டமும் தூறலும் இருந்தால் பறந்தெழ முயலும் மேஃப்ளையின் சிறகு காயத் தாமதமாகும். தண்ணீர் மேல் நெடுநேரம் மிதந்து போகும். மீன் எழும். ஆனால் நடுவில் தேடாதீர்கள். நுரை சேர்ந்து மெதுவாகச் சுற்றும் எதிர்ச்சுழியைப் பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். நுரைக்குள் ஒரு மூக்கு தெரியும், சத்தமே இருக்காது.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. சுழியில் தண்ணீர் பின்னோக்கி ஓடுவதால் மீன் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நிற்கும். வழக்கம்போல் கீழிருந்து நெருங்கினால் நேராக அதன் கண்ணுக்கு முன்னால் போய் நிற்பீர்கள். மேலிருந்து வாருங்கள். லீடரை 10 அடிக்கு நீட்டி 5 எக்ஸ் கட்டி, சல்ஃபர் வகைக்கு எண் 16, மார்ச் பிரவுனுக்கு எண் 12, சிறகு விரிந்து மேற்பரப்பில் மிதக்கும் காம்பராடன் பாணி ஃப்ளை. வளைந்து தளர்ந்த நரம்போடு விழட்டும். சுழியில் இழுபடாமல் மிதக்கும் இரண்டு விநாடிதான் உங்களுக்குக் கிடைக்கும்.

முட்டையிட்டு விழும் ஸ்பின்னர்கள், அதாவது முதிர்ந்த மேஃப்ளைகள், மழையிலும் குளிர்காற்றிலும் இறங்காமல் மரங்களில் காத்திருக்கும். காற்று அடங்கி வெதுவெதுப்பான முதல் மாலையில் மொத்தமாக இறங்கும். மூன்று நாள் மழைக்குப் பிறகு அப்படியொரு மாலை வருகிறது என்று வானிலை சொன்னால், பகலெல்லாம் தூங்கிவிட்டு 7 மணிக்கு ஆற்றுக்குப் போனாலும் தப்பில்லை.

மீன்பிடி உரிமம் 16 வயதிலிருந்து கட்டாயம். சில பகுதிகளில் செயற்கை இரை மட்டும், பிடித்ததைத் திரும்ப விட வேண்டும். கரையில் உள்ள பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். நாள் முழுவதும் ஈரப்புல் விளிம்பிலேயே நின்றிருப்பீர்கள், மான் உண்ணிக் குஞ்சுகள் கசகசா அளவில் ஏறும் பருவமும் இதுதான். வண்டியில் ஏறுமுன் காலுறை மடிப்பு, இடுப்பு, முழங்கால் பின்புறம், காதுமடல் எல்லாம் தடவிப் பாருங்கள். ஈரமான ஃப்ளைகளைப் பெட்டிக்குள் மூடாமல் வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு துணியில் குத்தி வையுங்கள். மூடிவிட்டால் அடுத்த வாரத்துக்குள் முள்ளெல்லாம் துருவேறிவிடும்.